மேல் மலைக்கு ஓர் ஆணி

இல்லை. வெள்ளையம்மா மறதியில் கத்தியைக் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை. தெரிந்தேதான் கொண்டுபோனாள். தண்ணீர்ப் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு வாயைத் திறக்கிறவர்கள் முதலில் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரட்டும். வைகாசியில் அவளைக் கள்ளி என்றீர்கள். ஆனியில் பைத்தியம் என்றீர்கள். களவெடுக்கிறவளுக்குத் தலை தெளிவாக இருக்க வேண்டும். பைத்தியத்துக்குக் களவு ஓடாது. இரண்டில் எது என்று சொல்லுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் நான் சண்டைக்கு வருகிறேன்.

பழனியாண்டியின் பெண்சாதிக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். "கெழவிக்கு மண்ட கழண்டு போச்சு, டவுனுக்கு பால்வெட்டுக் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிருக்கு" என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனவள் அவள். நடந்ததை நான் சொல்கிறேன். கூடவே போனவள் நான்தானே.

வெள்ளையம்மா எனக்குச் சம்பந்தி. அவள் மகள் ஷாமிளாவைத்தான் என் மகன் ஸ்ரீதரனுக்குக் கட்டினோம். யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவள் காம்பராவும் எங்கள் காம்பராவும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் மருமகளை ஏசினால் அவளுக்குக் கேட்கும். அதனாலேயே பத்து வருஷமாக நான் மருமகளை வாய்விட்டு ஏசியதில்லை. சம்பந்திமார் எட்டி இருந்தால்தான் மரியாதை என்பார்கள். எங்களுக்கு எட்டி இருக்க இடம் கிடைக்கவில்லை. நேரில் வாங்க, போங்க. மனசுக்குள் அவள், இவள். இங்கே மனசில் இருக்கிறபடியே சொல்கிறேன்.

பதினாலு வயதில் கத்தியைப் பிடித்தவள் அவள். அறுபது வயதானதும் தோட்டப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்த மூன்றாம் மாதமே பால் வெட்ட ஆளில்லை என்று அவர்களே வந்து கூப்பிட்டார்கள். கதை நடந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், அவளுக்கு அறுபத்து மூன்று வயது.

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பால் வெட்டுகிற ஒருத்திக்கு இரண்டு மலை, அதாவது இரண்டு பங்கு மரம் கொடுப்பார்கள். இன்றைக்கு மேல் மலை என்றால் நாளைக்குக் கீழ் மலை. வெட்டின மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அடுத்தடுத்த நாள் வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டை காய்ந்துவிடும், அப்புறம் கத்தி வைத்தாலும் பால் வராது. கத்தி ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனாலும் பால் இல்லை. நடுவில் விடுகிற கனம் ஒரு வெற்றிலைக் கனம். அதை வெள்ளையம்மா கண்ணால் பார்க்க மாட்டாள், கையால் பார்ப்பாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஐந்நூற்று நாற்பது மரத்தில் எது கோபக்காரி, எது தாராளக்காரி என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு என்னமோ நடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். வெற்றிலையில் கண்டுபிடித்தேன்.

தைப்பொங்கல் முடிந்த சமயம். பின்னேரம் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். மகள் பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னாள். மறுபடியும் அதே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். வாயில் போட்டதும் "ஆ" என்று துப்பினாள்.

"என்னங்க சம்மந்தி, சுவத்துக்கு அடிக்கிற மாதிரி ரெண்டு பூச்சு பூசுறீங்க?" என்றேன்.

"ஒங்க சுண்ணாம்பு சரியில்ல," என்றாள். என் சுண்ணாம்பு மாவனல்லையிலிருந்து வருகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு தரம் என்றால் விட்டிருப்பேன். அந்த மாதத்தில் நான்கு தரம் அவள் வாய் வெந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வெற்றிலையை நானே மடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

வைகாசியில் மழை பிடித்தது. ஒரு நாள் மேல் மலையில் விடியற்காலம் வெட்டி முடித்துவிட்டாள். சிரட்டையில் பால் நிறைவதற்குள் மழை வந்து, அத்தனை பாலையும் மரத்தோடு கழுவிக்கொண்டு போய்விட்டது. வெறும் வாளியோடு நனைந்துகொண்டு வந்தாள். மறுநாள் கீழ் மலைக்குப் போக வேண்டியவள் மறுபடியும் மேல் மலைக்கே போய் வெட்டிவிட்டாள்.

எங்கள் கணக்கப்பிள்ளை காளிதாஸ் ஐயா வெட்டின இடத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "என்ன வெள்ளையம்மா, மேல் மலையில ரெண்டு நாள் வெட்டு விழுந்திருக்கு. ஒரு நாள் பால்தான் நிறுக்கிற மடுவத்துக்கு வந்திருக்கு. மத்தது எங்க?"

'மழையில் போச்சு ஐயா' என்று சொன்னால் முடிந்தது. பாதிப் பேருடைய பாலும் அன்றைக்கு மழையில் போனதுதானே? இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நேத்து நான் அங்க வெட்டவே இல்லீங்களே ஐயா."

பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன முதல் பொய் என்று எல்லோரும் நினைத்தார்கள். மரத்தில் ஒட்டிக் காய்கிற ஒட்டுப்பாலோடு சேர்த்து பஸாருக்கு விற்றுவிட்டாள் என்று பீலிக்கரையில் கதை கட்டினார்கள். ஆனியில் இன்னொரு மழைக்கும் இதேபோல் நடந்தது. அன்றைக்கு அவள் மலையை எடுத்து பழனியாண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழனியாண்டி நல்ல மனிதன்தான், கை மட்டும் கனம். மண்வெட்டி பிடிக்கிற மாதிரி கத்தியைப் பிடிப்பான்.

"கத்தியக் குடுத்துருங்கம்மா," என்றார் காளிதாஸ் ஐயா.

"மலையத்தானே எடுத்தீங்க? கத்தி என் கையில தேஞ்ச கத்தி. குடுக்க மாட்டேன்."

"அப்ப ஒரு டொக்டர் கடுதாசி கொண்டு வாங்க. தலை நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வந்தா மலையத் தர்றேன்."

அதுதான் விஷயம். கடுதாசி வந்தால் மரம், வராவிட்டால் கத்தியையும் கொடுத்துவிட்டு காம்பராவில் குந்திக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளையம்மா குந்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மலை இல்லாத அந்த ஒரு வாரத்திலேயே என் வாசல் வாழைமரத்தைப் பார்த்து, "இது எந்தப் பக்கம் சாயுது" என்று கத்தியைத் தடவ ஆரம்பித்துவிட்டாள்.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயசு டொக்டர் அம்மா, சிங்களப் பிள்ளை. எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் குடிக்கிற மாதிரி, அதனால் பேச்சுக்குத் தடையில்லை.

"இன்னிக்கு என்ன தேதி அம்மே?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.

"தேதி தொரைமாருக்கு. எனக்கு இன்னிக்கு கீழ் மலை."

"நூறுல இருந்து ஏழ எடுத்தா எவ்வளவு?"

"யாரு எடுக்கிறது?"

"யாரோ எடுக்கிறாங்கன்னு வைங்களேன்."

"எப்படி வைக்கிறது? என் மரத்துல ஏழ யாரோ எடுத்துக்கிட்டுப் போவான், நான் பேசாம இருப்பேனா?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. டொக்டர் அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க," என்றது. நூறிலிருந்து ஏழா? எனக்கும் வரவில்லை. சிரிப்பை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு பென்சிலைக் கொடுத்து மணிக்கூடு படம் கீறச் சொன்னது. வெள்ளையம்மா பிறந்ததிலிருந்து பென்சில் தொட்டதில்லை. கத்தி பிடிக்கிற மாதிரி பிடித்தாள். இடது மேலிருந்து வலது கீழே வரைக்கும் ஒரே இழுவையில் சரிவாக ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இது என்ன?"

"காலம்பற ஆறு மணி. ஆறு மணிக்கு நான் இதத்தான் பாக்குறேன்." மரத்தில் வெட்டின சாய்வும் அடியில் கட்டின சிரட்டையும்!

டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "இது படிச்சவங்களுக்குப் போட்ட கேள்வி. இத வச்சு ஒங்க தலையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றது. அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் இன்னொன்றும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆரம்பத்திலேயே மூன்று சாமான் பெயர் சொல்லி மனசில் வைக்கச் சொல்லியிருந்தது: மாம்பழம், சாவி, குடை. எல்லாம் முடிந்து எழும்புகிற நேரம் அந்த மூன்றையும் கேட்டது. எனக்கு மூன்றும் வாயில் நின்றன. வெள்ளையம்மா டொக்டர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லவே இல்லையே," என்றாள். காளிதாஸ் ஐயாவிடம் சொன்ன அதே குரல். அப்போதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. அவள் அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. அவளுக்குள் நேற்று என்ற இடம் சில நாள் காலியாகக் கிடக்கிறது.

கொழும்பில் பெரிய மெஷினில் தலையைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தது டொக்டர் அம்மா.

ஸ்ரீதரன் பஸாரில் முக்தார் முதலாளி கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். நாங்கள் மூன்று பேரும் முதல் பஸ் ஏறினோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த, வழியெல்லாம் செக்பொயின்ட் இருந்த காலம். அவிசாவளை தாண்டி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பையன் வெள்ளையம்மாவின் பையைத் திறந்தான். வெற்றிலை, ஒரு சீலை, அதற்குள் சுற்றினபடி பால்வெட்டுக் கத்தி.

என் மகன் முகத்தில் ரத்தமே இல்லை. "அத்தை, இத ஏன் கொண்டாந்தீங்க?" என்று பல்லுக்குள் கேட்டான்.

"விட்டுட்டு வந்தா நான் இல்லாத நேரம் பழனியாண்டி பொண்டாட்டி வந்து கேப்பா. ஒங்க பொண்டாட்டி எடுத்துக் குடுத்துருவா. அவளுக்கு இல்லன்னு சொல்ல வராது."

இதுதான் மறதியா? அவள் மகளை அவள் எவ்வளவு சரியாக அளந்து வைத்திருக்கிறாள் பாருங்கள். நானும் அந்த மருமகளோடு பத்து வருஷம் இருக்கிறேன், சரியாகத்தான் சொன்னாள்.

ஆமிக்காரன் கத்தியின் வளைந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேக கிரி கபன பிஹியனே அம்மே!" என்றான். இது பால் வெட்டுகிற கத்தியாச்சே என்று. அவன் அம்மாவும் ருவன்வெல்லைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவளாம்.

"ஒங்கம்மாவுக்கு எத்தன மரம்?" என்று இவள் சிங்களத்தில் விசாரித்தாள்.

"நூத்தி எம்பது."

"எனக்கு ஐநூத்தி நாப்பது," என்றாள், ஆமிக்காரன் கையில் கத்தி இருக்கிறபோதே. அவன் சிரித்துக்கொண்டு அவன் மேலதிகாரியிடம் காட்டினான். அவர் எங்கள் அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரித் துண்டையும் இரண்டு தரம் பார்த்தார். கடைசியில் கத்தியைப் பழைய பேப்பரில் இறுக்கிச் சுற்றி, நூல் கட்டி, ஸ்ரீதரன் பையில் வைக்கச் சொன்னார். பஸ் ஏறியதும் வெள்ளையம்மா என்னிடம், "நூத்தி எம்பது மரத்துக்கே புள்ளைய ஆமிக்கு அனுப்பிட்டாளே, பாவம்," என்றாள்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் மெஷின் அறைக்குள் ஸுபைதா என்று ஒரு பொம்பிளை எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. மாவனல்லை ஆள், நம்முடைய தமிழ். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"தலையில இரும்பு, தங்கம் ஒண்ணும் இருக்கப்படாது உம்மா. படம் கலங்கிப் போகும். மூக்குத்தியக் கழட்டுங்க," என்றது.

"கல்யாணத்துக்குப் போட்டது. அவரு செத்தப்பவே கழட்டல. மெஷினுக்காகவா கழட்டுவேன்?"

"மெஷினுக்கு இல்ல உம்மா, ஒங்க மலைக்கு." நான் வாசலிலேயே எல்லாக் கதையையும் ஸுபைதாவிடம் சொல்லிவிட்டேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, திருகாணி நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அசைந்தது. அவள் கண்ணில் தண்ணீர். வலியா வேறெதுவா என்று நான் கேட்கவில்லை. மூக்குத்தியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். கட்டிலில் படுக்க வைத்து, பெரிய வளையத்துக்குள் தலையை விடப்போகிற நேரம் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சம்மந்தி, இது நம்ம பெக்டரியில ஷீட் அடிக்கிற மெஷின் மாதிரி இல்ல இருக்கு? தலைய ஷீட்டா அடிச்சுத் தருவாங்களோ?"

"அடிச்சா காயப் போட்டு எடுத்துக்கிட்டுப் போவோம். படுங்க," என்றேன். ஸுபைதா சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து மெஷினை ஓட்டுகிற ஐயா எட்டிப் பார்த்தார்.

இரண்டு கிழமை கழித்துக் கரவனெல்லயில் டொக்டர் அம்மா அந்தக் கறுப்புப் படத்தை லைட் எரிகிற பெட்டியில் மாட்டியது. வட்ட வட்டமாக, குறுக்கே வெட்டின மரம் மாதிரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டொக்டர் அம்மா பேச ஆரம்பிப்பதற்குள் வெள்ளையம்மா எழுந்து கிட்டப் போனாள். படத்தின் மேல் விரலை வைக்காமல், வைக்கிற மாதிரி ஓட்டினாள்.

"இங்கதானே?" என்றாள். காது இருக்கிற பக்கத்துக்கு உள்ளே ஓர் இடம். "மத்த எடமெல்லாம் சதை நெருக்கமா இருக்கு. இங்க மெலிஞ்சு, பள்ளம் அகலமா போயிருக்கு. ரெண்டு பக்கமுந்தான். இது ஆழமா வெட்டுன மரம் மாதிரி இல்ல, காயம் இல்ல. தன்னால காயுது."

டொக்டர் அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தது. "இத யாரு ஒங்களுக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அம்பது வருஷமா பட்டக் கனம் பாக்குறேன்."

அந்த இடம்தான். நேற்றை எடுத்து வைக்கிற இடம் அது, வயசுக்கு மிஞ்சிக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றது டொக்டர் அம்மா. "இது பைத்தியம் இல்ல. ஆரம்பம். மெதுவாத்தான் போகும், எவ்வளவு மெதுவான்னு யாராலயும் சொல்ல முடியாது. முழுசா மாத்துற மருந்து இல்ல. ஆனா பழகின வேலைய நிப்பாட்டாதீங்க. நடக்கட்டும், நாலு பேரோட பேசட்டும். வீட்டுல பூட்டி வைக்க வேணாம்."

"காஞ்ச மரத்துக்கு ஓய்வு குடுப்போம் நாங்க," என்றாள் வெள்ளையம்மா.

"நீங்க மரம் இல்லையே அம்மே," என்றது அந்தப் பிள்ளை. அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதுவும் சரிதான்," என்றாள்.

கடுதாசி கிடைத்தது. ஆனால் தலை நன்றாக இருக்கிறது என்று அதில் எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தது. திரும்பி பஸ் ஏறினோம். யட்டியாந்தோட்டை பாலம் வந்தபோது திடீரென்று, "மழைதான்," என்றாள்.

"என்ன மழை?"

"மழை இல்லாட்டி எனக்குத் தப்பாது சம்மந்தி. நேத்து வெட்டின மரத்துல ஒட்டுப்பால் ஈரமா இருக்கும். முந்தாநாள் வெட்டுனது காஞ்சு கறுத்துப் போயிருக்கும். மொத மரத்துல நெகம் வச்சா கை சொல்லிரும், இது இன்னிக்கு இல்லன்னு. மழை கழுவிட்டுப் போனாத்தான் கைக்கு ஒண்ணும் கெடைக்கிறதில்ல. அந்த ரெண்டு நாளும் மழை."

 இத்தனை பேர் இத்தனை நாள் பேசினோம், இதை ஒருத்தர் நினைக்கவில்லை. நினைத்தது, சுருங்கிப்போன அந்தத் தலை.

வீட்டுக்கு வந்ததும் மருமகனைக் கூப்பிட்டாள். "தம்பி, என் வாசப்படிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஆணி அடிங்க. மேல் மலைப் பாதைப் பக்கம் ஒண்ணு, கீழ் மலைப் பாதைப் பக்கம் ஒண்ணு. வேல முடிஞ்சு எந்தப் பாதையால வர்றேனோ அதுக்கு எதிர்ப் பக்கம் வாளிய மாட்டுவேன். காலம்பற வாளி எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம்."

காளிதாஸ் ஐயா கடுதாசியை வாசித்தார். ஆணிக் கதையையும் கேட்டார். மனுஷனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் விடவில்லை. "சரி, மலையத் தர்றேன். ஆனா மழை வரட்டும். பால் கழுவிப் போன மறுநாள் நீங்க சரியான பாதையில வரணும். தப்புன்னா அன்னைக்கே கத்தி என் கையில."

"தப்பாட்டி பழனியாண்டி காயப்படுத்தின மரத்துக்கெல்லாம் நீங்க மருந்து வாங்கித் தரணும்," என்றாள் இவள்.

புரட்டாசி முழுக்க வெயில். அவள் ஒரு நாளும் பாதை தப்பவில்லை. ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள், அவள் மேல் மலையில் வெட்டி முடித்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, வானம் உடைந்துகொண்டு வந்தது. தோட்டத்தில் ஒரு சிரட்டை பால் மிஞ்சவில்லை. நனைந்துகொண்டு வந்தவள் வாளியை எங்கே மாட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் சும்மா இருக்காது என்று சுவருக்கு இந்தப் பக்கமே இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் பீலியில் என்றைக்கும் இல்லாத கூட்டம். பழனியாண்டியின் பெண்சாதி நிறைந்த குடத்தை மறுபடியும் நிறைத்துக்கொண்டிருந்தாள். காளிதாஸ் ஐயா இரண்டு பாதையும் பிரிகிற இடத்தில், யாரையும் பார்க்காத மாதிரி நின்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என் வாசலில் நின்றேன்.

கதவு திறந்தது. தலையில் துண்டு, இடுப்பில் கத்தி, மூக்கில் மூக்குத்தி. வெள்ளையம்மா படியில் நின்று மேல் மலைப் பக்கத்து ஆணியைப் பார்த்தாள். வெறும் ஆணி. திரும்பிக் கீழ் மலைப் பக்கம் பார்த்தாள். வாளி தொங்கியது. கழற்றிக்கொண்டு கீழ்ப் பாதையில் நான்கு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் பழனியாண்டியின் பெண்சாதி.

வெள்ளையம்மா நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த வெற்றிலையை நீட்டினாள். "சம்மந்தி, இதுக்குச் சுண்ணாம்பு தடவிட்டேனா?"

பார்த்தேன். "தடவிட்டீங்க."

"அப்ப சரி," என்று மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பீலியைப் பார்த்து, "ஏம்மா, ஒங் கொடம் வழியுது," என்றாள். காளிதாஸ் ஐயா ஒதுங்கி வழி விட்டார். மரத்துக்குப் பூசுகிற மருந்தை அவருக்கு ஞாபகப்படுத்திவிட்டு, வாளியை ஆட்டிக்கொண்டு அவள் கீழ் மலைக்கு இறங்கிப் போனாள்.